எட்டுக் குளிசையில் ஓடும் நாள்: மாகாண சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மத்திய, ஊவா மாகாணங்களின் சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் ஹட்டன் பக்கம் ஒரு சின்ன டவுனில் பார்மசியில் வேலை செய்யும் மருந்தாளர். பெயரையும் கடையையும் போடவில்லை. போட்டால் இந்த மடல் ஒரு கடையைப் பற்றிய விசாரணையாக முடிந்துவிடும், நான் எழுத வந்த விஷயம் அப்படியே கிடக்கும். விஷயம் இதுதான். புற்றுநோய் கிடையாது, ஒப்பரேஷன் கிடையாது, வெறும் இடுப்பு வலி, முழங்கால் வலி, கழுத்து வலி. அதற்காக எங்கள் தேயிலைத் தோட்டங்களில் பலர் வருடக்கணக்காக ட்ரமடோல் என்ற அபின் வகை நோவு மருந்தைக் குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நாளுக்கு ஒன்றிரண்டு என்றால் இவ்வளவு தூரம் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆறு, எட்டு என்று போகிறது. சிலர் எட்டையும் தாண்டிவிட்டார்கள். 50 மில்லிகிராம் கேப்சியூலில் எட்டு என்றால் 400 மில்லிகிராம். ஒரு நாளைக்கு அதுதான் உச்சவரம்பு என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பத்திரிகையில் அடிக்கடி ஒரு படம் வரும். மேசைமேல் குளிசைக் கார்ட்கள் அடுக்கியிருக்கும், பக்கத்தில் இரண்டு பொலிஸ்காரர்கள், கீழே "போதைக் குளிசைகளுடன் இளைஞர் கைது" என்று நாலு வரி. கைது செய்யட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் இந்த மருந்தை அதிகமாக விழுங்குகிறவர் அந்தப் படத்தில் இருப்பதில்லை. அவர் என் கவுண்டருக்கு முன்னால் நிற்கிறார். ஐம்பது அறுபது வயது, கொழுந்தெடுத்தே தேய்ந்துபோன பெண். "தம்பி, அந்தப் பச்ச மஞ்சக் குளுசதான். பத்து குடுங்க போதும்" என்பார். வைத்தியர் எழுதிய துண்டு எங்கே அம்மா என்று கேட்டால், பிளாஸ்டிக் உறைக்குள் இருந்து ஒரு தாளை எடுப்பார். மடித்து மடித்து மடிப்பெல்லாம் கிழிந்திருக்கும். ஐந்து நாளைக்கு என்று எழுதியிருக்கும், திகதி போன வருடத்துடையது. பின்பக்கத்தைத் திருப்பினால் மூன்று டவுன்களில் உள்ள பார்மசிகளின் சீல், ஒன்றின்மேல் ஒன்றாக. அந்தப் பெண்ணிடம் போய் இது போதைக்குளிசை என்று சொன்னால் அவருக்கு விளங்கவே விளங்காது. நாளைக்குக் காலையில் மலைக்குப் போக வேண்டும், அதற்கு இது வேண்டும், அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

இது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால் யார்மீதும் பெரிதாகப் பழிபோட முடியவில்லை. தலையில் கயிறு மாட்டிய கூடை, ஏற்ற இறக்கமான மலை, மழையில் ஊறிய படங்கு, மாலையில் நிறுவைக்குக் கொழுந்தைச் சுமந்துகொண்டு போகும் வழுக்குப் பாதை. இப்படி இருபது முப்பது வருடம். ஆண்களுக்கு உர மூட்டையும் மருந்தடிக்கும் டாங்கியும். நோவு வந்தால் முதலில் சித்தாலேப, கோடாலித் தைலம், பெனடோல். அப்புறம் ஓபிடி வரிசை. அங்கே டைக்குளோபெனாக் என்ற நோவுக் குளிசை கொடுப்பார்கள். அது வயிற்றை எரிக்கும், பிரஷர் உள்ளவருக்குப் பிரஷரைக் கூட்டும், சீனி வருத்தத்தால் சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்திருந்தால் அதையும் கெடுக்கும். ஆகவே வைத்தியர் யோசித்து, "கொஞ்சம் பலமானது ஒன்று தாறன்" என்று ட்ரமடோல் ஐந்து நாளைக்கு எழுதுகிறார். அந்த ஐந்து நாளுக்கு அது பிழையான மருந்து அல்ல. ஆறாவது நாள் என்ன செய்வது என்று எவரும் எழுதுவதில்லை, அங்கேதான் கோளாறு.

ஆறாவது நாளும் மலைக்குப் போகத்தானே வேண்டும். நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். இரண்டு நாள் படுத்தால் அந்த மாதச் சம்பளத்தில் தெரியும். குளிசையைப் போட்டால் போகலாம். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போக முதல் ஒன்று, பகல் ஒன்று, இரவு நித்திரைக்கு ஒன்று. சில மாதத்தில் ஒன்று போதாமல் இரண்டு இரண்டாகிறது. நாளுக்கு எட்டுக் குடியுங்கள் என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை. தானாக ஏறுகிறது.

இனி நான் சொல்வது உங்களுக்குத் தெரிந்த மருத்துவம்தான். ஆனால் கவுண்டரின் இந்தப் பக்கத்தில் நின்று பார்த்தால் எப்படித் தெரிகிறது என்பதைச் சொல்கிறேன். உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டால், ஒரு வேளை தப்பினாலே உடம்பெல்லாம் உளையும். மூக்கு ஒழுகும், கொட்டாவி வரும், வியர்க்கும், மயிர் கூச்செறியும், வயிறு போகும், கால் இரண்டும் படுக்கையில் நிலைகொள்ளாது. பதுளையிலோ பசறையிலோ என்றால் ஏதோ வித்தியாசம் என்று யாராவது கவனிக்கக்கூடும். நுவரெலியா, டயகம, பொகவந்தலாவைக் குளிரில் இதை எல்லோரும் தடிமன் என்றுதான் நினைப்பார்கள். "பனி பட்டிருச்சு" என்று கொத்தமல்லி அவித்துக் குடிப்பார்கள். பிறகு குளிசையைப் போட்டதும் தடிமனும் உளைச்சலும் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலத்தில் ஓடிவிடும். அவருக்கு அதுவே சாட்சி: குளிசையை விட்டால் நோவு வருகிறது, போட்டால் போகிறது, ஆகவே குளிசை வேலை செய்கிறது. வந்த நோவில் எவ்வளவு முள்ளந்தண்டுடையது, எவ்வளவு மருந்து உண்டாக்கியது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு எந்த வழியும் இல்லை. இந்த வகை மருந்தை நீண்டகாலம் அதிகமாக எடுத்தால் நோவை உணரும் தன்மையே கூடிவிடுவதும் உண்டு. அது நடந்துவிட்டால் குளிசையைக் கூட்டக் கூட்ட நோவும் கூடும், அவரோ இன்னும் ஒன்று கேட்பார்.

ட்ரமடோலில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது அபின் வகை மருந்தாக மட்டும் வேலை செய்வதில்லை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளைப் போல மூளையில் செரட்டோனின், நோர்எபிநெப்ரின் என்ற இரசாயனங்களையும் தங்கவைக்கிறது. புருஷன் குடித்தே போய்ச் சேர்ந்த பெண், கடனுக்கு மேல் கடன், பிள்ளைகள் கொழும்பில் கடைகளில். இவருக்கு அந்தக் கேப்சியூல் முதுகுக்கு மட்டும் ஒத்தடம் கொடுக்கவில்லை, மனதுக்கும் கொடுக்கிறது. "இதப் போட்டா மனசு கொஞ்சம் லேசா இருக்கு தம்பி" என்று சொன்னவர்கள் உண்டு. அதனால்தான் நிறுத்தும்போது அழுகையும் பதற்றமும் சேர்ந்து வருகின்றன. இதைக் கவனிக்காமல் மேலே ஃபுளுவொக்ஸிட்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மனச்சோர்வு மருந்தை எழுதினால் வலிப்பு வரும் ஆபத்து கூடுகிறது. கசிப்பும் (கள்ளச் சாராயம்) சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். கிளினிக்கில் ஒரு வைத்தியர், டவுனில் ஒரு டிஸ்பென்சரி, பார்மசியில் நாங்கள். மூன்று இடத்தில் மூன்று மருந்து வாங்குபவரின் முழுப் பட்டியல் எங்களில் ஒருவரிடமும் இல்லை.

சரி, இவ்வளவு குடிப்பதால் நோவாவது குறைகிறதா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலைகளில் 240 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு வருடம் பார்த்த பரிசோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. எல்லோருக்கும் நாள்பட்ட முதுகு வலி, இல்லாவிட்டால் இடுப்பு மூட்டு, முழங்கால் தேய்மானம். ஒரு குழுவுக்கு அபின் வகை மருந்து, மற்றதற்குப் பரசிட்டமோலில் தொடங்கும் சாதாரண மருந்துகள். வருட முடிவில் நடமாட்டத்திலும் அன்றாட வேலையிலும் வித்தியாசம் இல்லை. நோவின் அளவு சாதாரண மருந்துக் குழுவில்தான் சற்றுக் குறைவு, பக்கவிளைவு அபின் வகைக் குழுவில்தான் அதிகம். (இரண்டாம் குழுவில் கடைசிப் படியாக ட்ரமடோலுக்கும் இடம் இருந்தது, சிலரே அதுவரை போனார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் உங்களில் ஒருவர் சரியாகப் பிடித்துக்கொள்வீர்கள்.)

அதைவிட எங்களுக்குப் பயன்படக்கூடியது 2010இல் வந்த இன்னொரு ஆய்வு. அதுவும் அமெரிக்காவில்தான், காப்புறுதிப் பதிவுகளை வைத்துச் செய்தது. தனியார் காப்புறுதி உள்ளவர்களிடையே, புற்றுநோயல்லாத நாள்பட்ட வலிக்கு இந்த வகை மருந்து எடுத்தவர்களில் 5 வீதமானவர்களே மொத்த அளவில் 70 வீதத்தை எடுத்திருந்தார்கள். அந்த 5 வீதத்தினர் யார்? ஒரே உடம்பில் பல இடத்து வலி உள்ளவர்கள், அதோடு மனநோயோ குடி, போதைப் பிரச்சினையோ சேர்ந்தவர்கள். எங்கள் மாகாணங்களுக்கு இப்படி ஒரு கணக்கு எடுத்தால் அதே எண் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் என் கவுண்டர் அனுபவம் அந்தப் பக்கம்தான் காட்டுகிறது: அதிகம் குடிப்பவர்கள் கொஞ்சப் பேர், அவர்கள்தான் மற்ற எல்லா வருத்தமும் உள்ளவர்கள், அவர்களை முகம் பார்த்தே எங்களுக்குத் தெரியும். அப்படியானால் வேலையை அவர்களில் இருந்து தொடங்கலாம். எல்லாரையும் ஒரே நாளில் மிரட்டத் தேவையில்லை.

மிரட்டினால் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். பரிசோதனை நடக்கப்போகிறது என்று ஒரு கதை அடிபட்டால் போதும், கடைகள் ட்ரமடோல் வைப்பதையே நிறுத்திவிடுகின்றன. உடனே வரிசையில் வந்து நிற்பவர் போதை வியாபாரி அல்ல, அந்தப் பிளாஸ்டிக் உறைக்காரப் பெண்தான். ஒரு கடையில் இல்லை என்றால் அடுத்த டவுனுக்குப் பஸ் ஏறுகிறார். அங்கேயும் இல்லை என்றால் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருவரிடம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலை கொடுக்கிறார். அல்லது நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகபலின் கைக்கு வருகிறது. இளைஞர்களிடம் பிடிபடுவதாகச் செய்தியில் வருகிறதே, அதே கேப்சியூல். அதை அபின் வகையோடு சேர்த்து எடுத்தால் மூச்சு அடங்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2019இல் எச்சரித்தது. வருடக்கணக்காக அபின் வகை மருந்து எடுத்தவரை திடீரென்று நிறுத்தக் கூடாது, தாங்க முடியாத வலி, மன உளைச்சல், தற்கொலை வரை போகிறது என்றும் அதே நிர்வாகம் அதே வருடம் எச்சரித்தது. முதலில் தாராளமாக எழுதி, பிறகு பயந்து ஒரேயடியாக வெட்டி, அந்தப் பாடத்தை அவர்கள் பெரும் விலை கொடுத்துப் படித்தார்கள். நாம் அதே விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

சட்டத்தை இறுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ட்ரமடோல் போதைப்பொருள் பற்றிய 1961ஆம் ஆண்டுச் சர்வதேச உடன்படிக்கையின் பட்டியலில் இல்லை. அமெரிக்காவும் பிரித்தானியாவும் 2014இலும், இந்தியா 2018இலும் தங்கள் சொந்தச் சட்டங்களுக்குள் அதைக் கொண்டுவந்தன. இங்கே இலங்கையில் 1929ஆம் ஆண்டின் அபின் சட்டம் இருக்கிறது, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை இருக்கிறது. அதெல்லாம் கொழும்பின் வேலை. பிரதேச வைத்தியசாலைகளும் அவற்றின் கிளினிக்குகளும் மாகாணத்தின் கையில், அதாவது உங்கள் கையில். அதனால்தான் கொழும்புக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

பிரஷர், சீனிக்காரர்களுக்குக் கிளினிக் கொப்பி இருக்கிறது. மாதாமாதம் வருகிறார்கள், அளந்து எழுதுகிறோம், மருந்து கொடுக்கிறோம். நாங்கள் சொல்லும் ஆட்களில் முக்கால்வாசிப்பேர் ஏற்கனவே அந்தக் கொப்பியோடுதான் வந்துகொண்டிருக்கிறார்கள். அந்தக் கொப்பியிலேயே நோவுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். நாளுக்கு எத்தனை கேப்சியூல் என்று கேட்டு எழுதுங்கள். கேட்கும் விதம் முக்கியம். "போதைக்கு அடிமையாகிட்டீங்களா" என்று கேட்டால் அடுத்த மாதம் அவர் வரமாட்டார். "எத்தனை போட்டாத்தான் மலைக்குப் போக முடியுது" என்று கேட்டால் உண்மையைச் சொல்வார்.

பிறகு குறைப்பது. ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதத்துக்கு 10 வீதம், அல்லது அதைவிட மெதுவாக என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022இல் சொன்ன வழி. எட்டு கேப்சியூல் எடுப்பவர் மாதத்துக்கு ஒன்றைக் குறைத்தால் ஆரம்பத்தில் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான். அப்படியே நாலுக்கு வந்தபின் ஒன்றைக் குறைப்பது நாலில் ஒரு பங்கு, இரண்டில் ஒன்றைக் குறைப்பது பாதி. கடைசிப் படிகள்தான் செங்குத்து, அங்கேதான் ஆட்கள் விழுகிறார்கள், கேப்சியூலையோ பாதியாக உடைக்க முடியாது. பாதியாக்கக்கூடிய மாத்திரையோ சொட்டு மருந்தோ மாகாண மருந்துப் பட்டியலில் இருந்தால்தான் இது நடக்கும். சிலருக்கு முழுவதும் நிறுத்த முடியாமல் போகலாம். எட்டு மூன்றாகக் குறைந்து, வலிப்பு இல்லாமல், மலச்சிக்கல் இல்லாமல், பகலில் தூங்கி வழியாமல் இருந்தால் அதுவும் எனக்கு வெற்றிதான். முறையாகக் குறைத்துக்கொண்டிருக்கிறார் என்று கொப்பியில் ஒரு வரி இருந்தால், அந்த அளவை மட்டும், அந்த மாதத்துக்கு மட்டும், கொடுக்க எந்த நல்ல பார்மசியும் தயங்காது.

மருந்தைக் குறைத்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும். நான் பார்க்கும் பிரதேச வைத்தியசாலைகளில் பிசியோதெரபிஸ்ட் இல்லை. ஒருவரை நிரந்தரமாகப் போட முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. பெரிய ஆஸ்பத்திரியில் இருந்து மாதத்துக்கு ஒரு நாள், அதே சீனி கிளினிக் நாளில் அனுப்புங்கள். முழங்காலுக்கு, இடுப்புக்கு நாலு பயிற்சி. தமிழில் சொல்லிக்கொடுத்து, செய்யவைத்துப் பார்த்து, அடுத்த மாதம் திரும்பச் செய்யச் சொல்லி. லயத்துக் காம்பராவில் கைகாலை நீட்ட இடம் இருக்கிறதா என்பதையும் யோசித்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்தால் நல்லது. பயிற்சிக்குப் பிறகும் அதே கூடையைத்தான் தூக்கப்போகிறார் என்பது தோட்டக் கம்பனிகளுக்கான பேச்சு. வைத்தியர் லேசு வேலை என்று துண்டு கொடுத்தால் துரைமார் அதை மதிக்க வேண்டும், அவ்வளவை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன்.

இன்னொன்று, பெயரில்லாப் பொட்டலங்கள். டவுன் டிஸ்பென்சரிகளில் சின்னச் சின்னக் கடதாசி உறைகளில் வெள்ளை, மஞ்சள், சிவப்புக் குளிசைகளை எண்ணிப் போட்டுக் கொடுக்கிறார்கள். உறைமேல் காலை ஒன்று இரவு ஒன்று என்று கோடு மட்டும். உள்ளே இருப்பது ட்ரமடோலா, ஸ்டிரொயிட் வகை ப்ரெட்னிசொலோனா என்று எடுப்பவருக்கும் தெரியாது, அவரை இரவில் மயங்கிய நிலையில் கொண்டுவந்தால் உங்கள் வைத்தியருக்கும் தெரியாது. 37.5 மில்லிகிராம் ட்ரமடோலும் 325 மில்லிகிராம் பரசிட்டமோலும் சேர்ந்த மாத்திரையை எட்டு விழுங்கிவிட்டு, அதற்குமேல் அதே பரசிட்டமோலான பெனடோல் நாலு போடுபவர் கல்லீரலோடு விளையாடுகிறார் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? உறைமேல் மருந்தின் பெயரும் அளவும் எழுதச் சொல்லிப் பிராந்தியப் பணிப்பாளர்கள் மூலம் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். தமிழ் எழுத்திலும் இருக்கட்டும். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

இதைச் செய்யும்போது ஒரு பயம் எனக்கு உண்டு, அதையும் எழுதிவிடுகிறேன். அபின் வகை மருந்து என்றாலே கைநடுங்கும் நிலை வந்துவிட்டால் முதலில் அடிபடுவது புற்றுநோய்க்காரர். கண்டிக்கும் மஹரகமவுக்கும் போய்வந்து, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று லயத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டவருக்கு வாயால் எடுக்கும் மோர்பின் வேண்டும். அது அவருடைய உரிமை. மலையில் அது கிடைப்பது இப்போதே கஷ்டம். இடுப்பு வலிக்காரர் எட்டுக் கேப்சியூல் எடுப்பதும், புற்றுநோய்க்காரர் ஒரு சொட்டு மோர்பின் இல்லாமல் கத்துவதும் ஒரே லயத்தில், பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்களில் நடக்கக்கூடிய சங்கதிகள். ஒன்றுக்குச் சொன்ன உத்தரவு மற்றதன்மேல் விழாதபடி எழுதுங்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவுகளில் அபின் வகை மருந்தை முறிக்கும் நலொக்ஸோன் இருக்கிறதா, காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். ட்ரமடோல் மிதமிஞ்சியவருக்கு அதைக் கொடுத்தாலும் வலிப்பைத் தடுக்காது, ஆகவே அதற்கான மருந்தும் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதை இரவுப் பணியில் இருக்கும் இளம் வைத்தியர்களுக்கு யாராவது நினைவுபடுத்தினால் நல்லது.

என் தொழில்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய துண்டுக்கு மருந்து கொடுக்காதீர்கள் என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்கப்போவதில்லை. ஆனால் "இல்லை" என்று சொல்லி அனுப்பும்போது எங்கே போக வேண்டும் என்றும் சொல்லுங்கள். இப்போதைக்கு அப்படிச் சொல்ல ஓர் இடமே இல்லை. அதை உண்டாக்கத்தான் இந்த மடல்.

எல்லா வைத்தியசாலையிலும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டியதில்லை. நுவரெலியா மாவட்டத்தில் ஒன்று, பதுளை மாவட்டத்தில் ஒன்று, தோட்ட மக்கள் அதிகம் வரும் பிரதேச வைத்தியசாலையாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அங்கே கிளினிக் கொப்பியில் அந்தப் பக்கத்தை ஆறு மாதம் நிரப்பிப் பார்க்கலாம். சுற்றியுள்ள பார்மசிகளைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வரலாம். யாருக்கு எவ்வளவு போகிறது என்ற எங்கள் பதிவேடுகளை, நோயாளியின் பெயர் பொலிஸுக்குப் போகாது என்ற எழுத்துமூல உறுதி கிடைத்தால், முதல் ஆளாக நான் கொண்டுவந்து மேசையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
மலையகத்தில் பார்மசியில் வேலை செய்யும் மருந்தாளர் ஒருவன்